மாதம் தவறாமல் வருகிறதே, அப்புறம் என்ன?

போன வாரம் தம்பி மனைவி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பீரியட்ஸ் தேதி குறிக்கும் ஆப், திரை முழுக்க ரோஸ் நிற வட்டங்கள். "பாருங்க அண்ணி, 28, 28, 29, 28. கரெக்டா வருது. அப்ப எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லைதானே?"

கல்யாணமாகி ஒன்றேகால் வருடம். வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்ததும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அதே கேள்வியோடு இருந்தவள்தான். அப்போது என்னிடம் ஆப் எதுவும் கிடையாது. பெரம்பூர் வீட்டுச் சமையலறையில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். சிலிண்டர் மாற்றிய நாளுக்கு 'சி', பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, எனக்குக் கட்டத்தின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி. மூன்று வருடக் காலண்டரைப் புரட்டினாலும் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அதை நம்பியே இரண்டு வருடம் சும்மா இருந்தேன். புள்ளிக்குத் தெரியாத விஷயத்தையெல்லாம் அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

நான் டாக்டர் இல்லை, ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள். தம்பி மனைவிக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எண்ணுவதைச் சரியாக எண்ணுங்கள்

முதல் நாள் என்பது பேட் வைக்க வேண்டிய அளவுக்கு ரத்தம் வருகிற நாள். அதற்கு முன்னால் ஒன்றிரண்டு நாள் பழுப்பாகக் கறை பட்டால் அது கணக்கில் சேராது. அந்த முதல் நாளிலிருந்து அடுத்த முறை ரத்தம் வரும் நாளுக்கு முந்தைய நாள் வரை ஒரு சுற்று.

என் அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளிலிருந்து எண்ணுவார். நானும் அப்படியே பழகியிருந்தேன். இடைவெளி என்னவோ அதே 28, 29தான் வரும். ஆனால் டாக்டர் "பன்னிரண்டாம் நாள் ஸ்கேனுக்கு வாங்க" என்றால் மூன்று நாள் பிந்திப் போய் நிற்போம். முட்டை அதற்குள் வெளியேறியே இருக்கலாம்.

இன்னொரு குழப்பம், தேதி. "எனக்கு மாசாமாசம் 5-ஆம் தேதி வரும்" என்று சிலர் சொல்வார்கள். 28 நாள் சுற்று அப்படி வராது. ஜனவரி 5-ஆம் தேதி வந்தால் அடுத்தது பிப்ரவரி 2, அப்புறம் மார்ச் 2, அதன் பிறகு மார்ச் 30. ஒரே மாதத்தில் இரண்டு முறை! என் ஆபீஸில் ஒரு பெண் இதற்கே பயந்து போய் லீவு போட்டாள். வருடத்துக்குப் பதின்மூன்று சுற்று என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

குறைந்தது ஆறு மாத இடைவெளிகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஆப் வைத்திருந்தாலும் எழுதுங்கள். ஆப் பச்சை நிறத்தில் காட்டும் "முட்டை வரும் நாள்" ஓர் ஊகம். நீங்கள் கொடுத்த தேதிகளைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது.

அந்த எண் என்ன சொல்கிறது

21 நாளிலிருந்து 35 நாளுக்குள் வந்தால், மாதத்துக்கு மாதம் சில நாட்கள் முன்னே பின்னே போனாலும், அது ஒழுங்கான சுற்றுதான். அப்படி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முட்டை வெளியேறுகிறது. இது நல்ல செய்தி, சின்னச் செய்தியும் அல்ல. சூலகமும் மூளையும் பேசிக்கொள்கின்றன, ஹார்மோன் ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். என் புள்ளிகளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

14-ஆம் நாள்தான் முட்டை வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது 28 நாள்காரிக்கு மட்டும், அதுவும் தோராயமாக. சுற்றின் முதல் பாதி இட்லி மாவு புளிக்கிற மாதிரி. சித்திரையில் சீக்கிரம் பொங்கும், மார்கழியில் காத்திருக்க வேண்டும். முட்டை வெளியேறிய பின் வருகிற இரண்டாம் பாதி, இட்லி வேகிற மாதிரி. எந்த மாதமானாலும் ஏறக்குறைய அதே நேரம், சுமார் 12 முதல் 14 நாள். அதனால் முன்னாலிருந்து எண்ணாமல், அடுத்த பீரியட்ஸிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஜப்பானிய டாக்டர் கியூசாகு ஒகினோ இதை 1920-களிலேயே எழுதிவிட்டார். நம் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

என் ஆறு எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: 29, 31, 28, 30, 29, 33. மிகக் குறைந்தது 28. அதில் 14 போனால் முட்டை 14-ஆம் நாள். மிக அதிகம் 33. அதில் 14 போனால் 19-ஆம் நாள். ஆக முட்டை 14-லிருந்து 19-க்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆணின் விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும், முட்டைக்கோ 12 முதல் 24 மணி நேரம்தான் ஆயுள். அதனால் முட்டை வருவதற்கு முந்தைய ஐந்து நாளும் வருகிற நாளும்தான் காலம். அந்த நாள் கடந்த பிறகு முயற்சி செய்து பயனில்லை. 14-லிருந்து ஐந்தைக் கழித்தால் 9. என் கணக்கு 9-ஆம் நாளிலிருந்து 19-ஆம் நாள் வரை, ஒன்றுவிட்டு ஒரு நாள்.

இதைத் திருப்பிப் போட்டு, மீதி நாட்கள் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதாது.

ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று எழுதுவது சுலபம். ஒற்றை பெட்ரூம் வீடு, ஹாலில் மாமனார் மாமியார், கணவருக்கு ஷிப்ட். அந்தப் பதினொரு நாளில் நாலு நாள் அமைந்தாலே பெரிது. அமையாத மாதத்தையும் "இந்த மாசமும் நிக்கல" என்ற கணக்கில் சேர்த்து அழுதிருக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிற இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு நிற்க நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து வாய்ப்புதான். நூறு ஜோடியில் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் நின்றுவிடும்.

முட்டை வருகிறதா என்று பார்ப்பது

செலவில்லாத வழி, வெள்ளைப்படுவதைக் கவனிப்பது. முட்டை வரப்போகும் நாட்களில் அது பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுவென்று, இரு விரலுக்கிடையே இழுத்தால் நூலாக நீளும். அப்படி இருக்கும் நாட்கள்தான் நல்ல நாட்கள்.

காலையில் எழுந்ததும் உடல் வெப்பம் பார்த்துக் குறிக்கும் முறையும் உண்டு. முட்டை வந்த பிறகு அரை டிகிரி பாரன்ஹீட் அளவுக்கு ஏறி நிற்கும். ஆனால் ஏறியது தெரியும்போது முட்டை வந்து போயிருக்கும். இரண்டு மாதம் பார்த்தேன், அலுத்துவிட்டது.

மெடிக்கல் ஷாப்பில் சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப் கிடைக்கும். கர்ப்பம் பார்க்கும் அட்டை மாதிரியே இருக்கும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். 'ஓவுலேஷன்' என்று கேட்டு வாங்குங்கள். இதில் இரண்டு கோடு வந்தால் மட்டும் போதாது. இரண்டாவது கோடு முதல் கோடு அளவுக்கோ அதைவிட அழுத்தமாகவோ இருக்க வேண்டும். அப்படி வந்தால் ஒன்று, ஒன்றரை நாளில் முட்டை வரலாம். பிசிஓடி, அதாவது சூலக நீர்க்கட்டி, இருக்கிறவர்களுக்கு இது பல நாள் பொய்யாகவே அழுத்தமாகக் காட்டும். மற்றவர்களுக்கும் இது கிளம்பச் சொல்லி அடித்த மணி மட்டும்தான். வண்டி கிளம்பியதா என்பதை, முட்டை வந்த பிறகு ஏறும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை சொல்லும்.

அந்தப் பரிசோதனையில்தான் நான் ஏமாந்தேன். லேப் சீட்டில் "21-ஆம் நாள்" என்று எழுதியிருந்தது. ஒழுங்காக 21-ஆம் நாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டு ரத்தம் கொடுத்தேன். மாலையில் ரிப்போர்ட்: 1.1. மூன்றுக்கு மேல் இருந்தால்தான் முட்டை வந்ததாக அர்த்தம் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். 29சி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பெரம்பூர் வரை அழுதேன். இத்தனை வருடப் புள்ளியும் பொய்யா என்று.

அந்த மாதம் எனக்கு 33 நாள் சுற்று. பீரியட்ஸ் வந்த பிறகு காலண்டரைப் பார்த்து எண்ணியபோதுதான் விளங்கியது. முட்டை சுமார் 19-ஆம் நாள் வந்திருக்கும். இரண்டே நாளில் போய் ரத்தம் கொடுத்தால் எப்படி ஏறியிருக்கும்? 21-ஆம் நாள் என்பதும் 28 நாள்காரிக்காக எழுதியது. முட்டை வந்து ஏழு நாள் கழித்து, அதாவது அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்னால் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் ஸ்ட்ரிப் 16-ஆம் நாள் அழுத்தமாகக் காட்டியது. எட்டு நாள் தள்ளி, 24-ஆம் நாள் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் 11. சீட்டில் எந்த எண் எழுதியிருந்தாலும் உங்கள் சுற்றுக்கு அது பொருந்துகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். 11 வந்ததா 18 வந்ததா என்று பக்கத்து வீட்டோடு ஒப்பிட வேண்டியதில்லை. அந்த ஹார்மோன் ஒரே நாளிலேயே ஏறி இறங்கும்.

ஒரு விஷயம். கருத்தடை மாத்திரையோ, "பீரியட்ஸை ஒழுங்காக்க" என்று தந்த ஹார்மோன் மாத்திரையோ சாப்பிடும்போது தேதி தவறாமல் வருவது மாத்திரையின் தேதி. அதை வைத்து உங்கள் சூலகத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

புள்ளிக்குத் தெரியாதது

முதலில் கணவர். குழந்தை தாமதமாகும் ஜோடிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. என் பீரியட்ஸ் எத்தனை ஒழுங்காக வந்தாலும் அது அவரைப் பற்றி என்ன சொல்லும்? ஆனால் எங்கள் வீட்டில் யோசனை அப்படி ஓடவில்லை. நான் முதலில் போன இடத்தில், பெயர் வேண்டாம், ஆறு மாதம் முட்டை வளர மாத்திரை கொடுத்தார்கள். முட்டை தானாகவே வந்துகொண்டிருந்த எனக்கு. அவரைப் பரிசோதிக்க யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாமியார் என்னை மாங்காடு காமாட்சியிடம் ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு அனுப்பினார். போனேன், அதில் எனக்குக் குறையில்லை. ஆறு வாரம் பஸ் ஏறிப் போன எனக்கு, அவரை ஒரு மணி நேரம் லேபுக்கு அனுப்ப ஒரு வருடம் ஆனது. "எனக்கென்ன குறைச்சல்?" என்பதே பதில்.

விந்தணுப் பரிசோதனைக்கு வலியில்லை, செலவு குறைவு. இரண்டு முதல் ஏழு நாள் வரை இடைவெளி விட்டுப் போக வேண்டும். லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஒரு மணி நேரத்துக்குள், சூடும் குளிரும் படாமல் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பு ஒரு மில்லிக்கு 16 மில்லியன். அவருக்கு 7 வந்தது. வரம்புக்குக் கீழே என்றால் நிற்கவே நிற்காது என்று பொருளில்லை, வாய்ப்பு குறைவு. ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டவும் கூடாது. விந்தணு உருவாக இரண்டரை, மூன்று மாதம் ஆகும். போன மாதம் வந்த காய்ச்சல் கூட இன்றைய எண்ணைக் குறைத்திருக்கலாம். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் பிரிவில் இருந்தார். சிகரெட்டை விட்டார், இறுக்கமான ஜீன்ஸை விட்டார். நாலு மாதம் கழித்து 19. சிகரெட்டை விட்டதாலா, தானாக ஏறியதா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் யாராவது ஜிம்முக்குப் போய் உடம்பு ஏற்ற ஹார்மோன் ஊசி போட்டால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அது விந்தணு உற்பத்தியை ஒரேயடியாக நிறுத்திவிடக்கூடியது.

அடுத்தது கருக்குழாய். முட்டை வந்தாலும் அது போகிற வழி அடைத்திருந்தால் தேதிக்கு எப்படித் தெரியும்? எச்.எஸ்.ஜி. என்று ஒரு எக்ஸ்ரே. நர்ஸுகள் ட்யூப் டெஸ்ட் என்பார்கள். ரத்தம் நின்ற பிறகு, முட்டை வருவதற்கு முன்னால், பெரும்பாலும் 6-லிருந்து 11-ஆம் நாளுக்குள் எடுப்பார்கள். மருந்து ஏறும்போது பீரியட்ஸ் வலி மாதிரிப் பிடித்து இழுக்கும், சில நிமிடத்தில் விடும். துணைக்கு ஆளோடு போங்கள். எனக்கு வலது குழாய் அடைப்பு, இடது திறந்திருந்தது. அந்த அடைப்பு எத்தனை வருடமாக இருந்ததோ, ஒரு மாதம் கூடப் புள்ளி தவறியதில்லை. பழைய தொற்று, வெடித்த குடல்வால், நம் ஊரில் முக்கியமாகக் காசநோய், இவையெல்லாம் குழாயை அடைக்கும். கருப்பையில் வரும் காசநோய்க்கு இருமல் கூட இருக்காது. வீட்டில் யாருக்காவது வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வயது மூன்றாவது. பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் முட்டையோடு பிறக்கிறது. வயதுக்கு வரும்போது மூன்று, நாலு லட்சம்தான் மிச்சம். முப்பதுகளின் தொடக்கத்தில் வாய்ப்பு மெல்லக் குறைந்து, 37-க்கு மேல் வேகமாக இறங்கும். பீரியட்ஸ் அதைக் காட்டிக்கொடுக்காது. என் சித்திக்கு 48 வயதிலும் நாள் தவறவில்லை.

இங்கே ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. மாஸ்டர் செக்கப்போடு சேர்த்து அதையும் விற்கிறார்கள். கையிருப்பில் எத்தனை முட்டை என்பதற்கு அது ஒரு குறிப்பு. ஊசி போட்டால் எத்தனை முட்டை வளரும் என்று கணிக்க டாக்டருக்கு உதவும். இயற்கையாகக் கரு நிற்குமா என்பதற்கு அது ஜோசியம் இல்லை. 2017-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 30-லிருந்து 44 வயதுப் பெண்களில் ஏ.எம்.எச். குறைவாக இருந்தவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே கரு நின்றது. அந்த ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்து லட்சங்களை எடுத்து வைக்காதீர்கள்.

தேதி சரியாக இருந்தும் வலி தாங்க முடியாமல் சுருண்டு படுக்கிறீர்கள், உடலுறவின்போது உள்ளே வலிக்கிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய், இருக்கலாம். "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்" என்பவர்களை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். தைராய்டு ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

எப்போது, எப்படிப் போவது

35 வயதுக்குள் என்றால் ஒரு வருட முயற்சிக்குப் பிறகு. 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம். 40 என்றால் காத்திருக்கவே வேண்டாம். சுற்று 21-க்குக் கீழே, 35-க்கு மேலே என்று போகிறவர்கள், வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆனவர்கள், காசநோய் வந்தவர்கள், கணவருக்குச் சிறுவயதில் விரை இறங்காமல் ஆபரேஷன் ஆகியிருந்தால் அவர்கள், இவர்களெல்லாம் முதலிலேயே போய்விடலாம்.

தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. எழும்பூரில் 1844-லிருந்து இருக்கிற பிரசவ ஆஸ்பத்திரி, திருவல்லிக்கேணியில் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி, இரண்டிலும் காலையில் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள். சீக்கிரம் போய் வரிசையில் நில்லுங்கள், டிபன் கட்டிக்கொண்டு போங்கள். ஆறு மாதத் தேதி எழுதிய தாள், பழைய ரிப்போர்ட் அத்தனையும், கூடவே கணவர். "ரெண்டாம் நாள் ஸ்கேனுக்கு வாங்கம்மா" என்பார்கள்; ரத்தப்போக்கோடு எப்படி என்று கூச்சப்பட்டு நாலாம் நாள் போகாதீர்கள். சூலகத்தில் இருக்கும் சின்ன முட்டைப்பைகளை எண்ண அந்த நாள்தான் தோது, அவர்களுக்கு அது தினசரி வேலை. ஃபோலிக் ஆசிட் மட்டும் டாக்டரைக் கேட்டு இப்போதே ஆரம்பிக்கலாம். தினம் 400 மைக்ரோகிராம் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

எங்களுக்கு ஐ.யு.ஐ., அதாவது விந்தணுவை நேரே கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை, இரண்டாம் முறையில் நின்றது. மகள் இப்போது மூன்றாவது படிக்கிறாள்.

தம்பி மனைவிக்கு வருவோம். அவள் எண்களைப் பின்னோக்கி எண்ணித் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். தம்பியிடம் நானே போனில் பேசினேன். "எனக்கெதுக்குக்கா?" என்றான். அத்தானுக்கு வந்த 7-ஐச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் "சனிக்கிழமை போறேன்" என்றான். போவதற்கு முன்னால் இரண்டு நாளாவது இடைவெளி விட வேண்டும் என்பதை மட்டும் அவன் மனைவியைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அக்கா வாயால் அது வரவில்லை.